மல்லிகா அக்கா வீட்டில்

எங்கள் வேலையில் யாரும் குணமாகி டிஸ்சார்ஜ் ஆவதில்லை. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்த்து, வலி வாட்டாமல் பார்த்துக்கொண்டு கடைசிவரை கூட இருக்கிற நர்ஸ் நான். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்கள் கதையும்தான்.

சாத்திய கதவு

குறிஞ்சிப்பாடி மல்லிகா அக்கா டெய்லர். மார்பில் வந்த புற்றுநோய் புண்ணாகி வெடித்திருந்தது. வாசலிலேயே வாடை அடித்தது. அதற்குக் கூச்சப்பட்டு அவராகவே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வாராம். கணவர் ஏழுமலை கடலூர் – வடலூர் பஸ் டிரைவர். டூட்டி முடிந்து வந்தால் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேசுவார்.

புண்ணைக் கழுவி, வாடையை அடக்கும் மாத்திரையைப் பொடித்துத் தூவி, கட்டுப் போட்டேன். ஏழுமலைக்கும் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தேன். சில நாட்களில் வாடை அடங்கியது. அடுத்த வாரம் போனால் கதவு திறந்திருக்கிறது. ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா என்னிடம் புகார் சொன்னார்: "இன்னா சிஸ்டர், இவரு சட்னி தொடாமயே ஊட்டுறாரு. நீங்களாவது சொல்லுங்க."

தம்பியின் கோபம்

வலி கூடியதும் டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். சிதம்பரத்திலிருந்து வந்த தம்பி ராஜேந்திரன் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது போதை மாத்திரை. எங்க அக்காவைக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கத்தினார். "மச்சான், கொஞ்ச நேரம் அவகிட்ட உக்காந்து பாரு, அப்புறம் பேசு" என்றார் ஏழுமலை.

உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் வலி வந்தது. தம்பி எதிரில் கத்தக் கூடாது என்று அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடியது. ராஜேந்திரன் தன் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மெல்ல அக்காவின் முகம் தளர்ந்தது. "நீ சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டுக் கண் அயர்ந்தார். வெளியே வந்த ராஜேந்திரனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அடுத்தது எத்தன மணிக்குக் குடுக்கணும் சிஸ்டர்?"

கருமாதி அன்று

ஒரு விடியற்காலை, ஏழுமலையின் கையைப் பிடித்தபடியே அக்கா அடங்கிப்போனார். கருமாதிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். போனேன். ராஜேந்திரனே எனக்கு இலை போட்டுப் பரிமாறினார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பிழைக்க வைத்த டாக்டரைக் கும்பிடுவது சரி. என்னை எதற்கு?

கிளம்பும்போது ஏழுமலை வண்டிவரை கூட வந்தார். "என்னால ஒண்ணும் பண்ண முடியலயே அண்ணே" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நீங்க வர்றதுக்கு முன்னாடி, சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு சாமிய வேண்டிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். நீங்க வந்தப்புறம், இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்யக் கருமாதிச் சாப்பாட்டு அழைப்பு கூடிக்கொண்டே போகிற உத்தியோகம், எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.