பாஞ்சாலியின் பீடி

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வராமல் காவல் இருக்கப் பெண்களும் பரணில் படுப்பதுண்டு. பாஞ்சாலி பீடி பழகியது அங்கேதான். குளிருக்கு இதமாக இருக்கும் என்று அவளுடைய சித்தி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தாள். கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. கணவன் கண்ணாயிரம் புளியமரம் ஏறி உலுக்குகிறவன். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து பாதி பீடியை இழுத்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டுவான். ஊரில் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. வெளியாள் வந்தால் மட்டும் அவள் அதைக் கீழே போட்டு மிதித்துவிடுவாள்.

அருணா வெளியாள். படவேட்டிலிருந்து மாற்றலாகி வந்த கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பாள். ஆண்களிடம் பீடி பழக்கம் உண்டா என்று கேட்பாள். பெண்களிடம் ரத்தசோகையைப் பற்றியும் அடுப்புப் புகையைப் பற்றியும் கேட்பாள். அவள் வளர்ந்த தெருவில் பீடி பிடிக்கிற பெண்ணை அவள் பார்த்ததில்லை.

கண்ணாயிரத்தின் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்ததைக் கண்டுபிடித்தவள் அருணாதான். பீடியை விடாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். வெறுமனே விடு என்று சொன்னால் யாரும் விடுவதில்லை என்று அருணாவுக்குத் தெரியும். கண்ணாயிரம் சரி என்று தலையாட்டிய கையோடு அவனை வீட்டுக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் பாறைக்குக் கூட்டிப்போனாள். புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசகருக்குப் போன் போட்டு அவனையே பேச வைத்தாள். அவர் இருக்கும் மலையடிவார ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதினாள். எந்தக் கிழமை போக வேண்டும், எந்த பஸ்ஸில் இறங்க வேண்டும், அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாஞ்சாலியும் கூடவே மலையிறங்கினாள்.

ஆலோசகர் பொறுமையானவர். வீட்டில் வேறு யாரும் இவர் எதிரில் பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாஞ்சாலியிடம் சொன்னார். அந்த 'வேறு யாரோ' அவளாகவே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் தானும் இன்றோடு விட்டுவிட்டதாகக் கண்ணாயிரத்திடம் சொன்னாள்.

பீடி இல்லாமல் அவனுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளினான். பீடிக்குப் பதிலாக மெல்ல நெல்லி வற்றலை எடுத்து நீட்டினால் வீசி எறிந்தான். அவள் சிரித்துக்கொண்டே பொறுக்கி வந்தாள்.

"பொட்டச்சி நானே வுட்டுட்டேன். உனக்கு மீச ஒண்ணுதான் கேடு."

அந்த ரோஷத்தில்தான் அவன் விட்டான். விரல்கள் தேறின. அடுத்த தையில் மரம் ஏறினான். நீ இருமாததால் விடிந்தது தெரியாமல் சேவலே தூங்குகிறது என்று அவள் கேலி செய்தாள். அருணா போகிற ஊரெல்லாம் கண்ணாயிரத்தையும், அவனுக்குத் துணை நின்ற பெண்டாட்டியையும் எடுத்துக்காட்டாகச் சொன்னாள்.

பாஞ்சாலியால் விட முடியவில்லை. முயன்று பார்த்தாள், முடியவில்லை. ஆடு ஓட்டிப்போகும் சாக்கில் கொல்லையின் மேல்கோடிக்குப் போய்ப் பிடித்தாள். ஓடையில் வாய் கொப்பளித்து வேப்பிலை மென்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இருமல் வந்தபோது அருணா விறகடுப்பைக் காரணமாக நினைத்தாள். டாக்டரிடமும் அப்படியே சொன்னாள். சளியில் காசநோய் இல்லை என்று முடிவு வந்த அன்று, அதைச் சொல்லக் கொல்லை வழியாகக் குறுக்கே நடந்தவள் பாறை மறைவில் பாஞ்சாலியைப் பார்த்தாள். விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

பாஞ்சாலி பீடியை மண்ணில் அழுத்தி அணைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் அருணா.

"நீங்க ஆம்பளைங்களத்தான கேட்டீங்க, நர்சம்மா."

அருணா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கும் சீட்டு எழுதுகிறேன் என்றாள். பாஞ்சாலி வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட வர்றது அவருதான? நான் வுடலன்னு தெரிஞ்சா அன்னிக்கே கடைக்குப் போய்டுவாரு. கால் போய்டும். எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும்."

மறுவாரம் எடுத்த எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. பெரிதாக இருந்தது. கண்ணாயிரத்திடம் அருணாவும் பாஞ்சாலியும் அடுப்புப் புகை என்றே சொன்னார்கள். அவன் அன்று மாலையே விறகடுப்பை இடித்துப் போட்டான்.

அருணா ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த நிலையிலும் விட்டால் மூச்சுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்றார் அவர். கண்ணாயிரம் ஆடுகளை ஓட்டிப் போகும் நேரமாகப் பார்த்து அழைப்பதாக ஒத்துக்கொண்டார். முதல் தடவை பாஞ்சாலி சிக்னல் பாறையில் உட்கார்ந்து மெல்லப் பேசினாள், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். அடுத்த தடவை இப்போதெல்லாம் பிடிப்பதில்லை என்றாள். அது உண்மைதான். அதற்கடுத்த அழைப்பில் பாறையடியில் கட்டிலில் கிடந்த அவள் காதோரம் அருணா போனை வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஆலோசகர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்துபோயிற்று. அவர் போனை வைக்கவில்லை, அருணாதான் வைத்தாள்.

ஆடி பிறப்பதற்குள் பாஞ்சாலி செத்துப்போனாள்.

சாவு வீட்டில் வழக்கப்படி தட்டில் வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பங்காளி ஒருவர் ஒன்றைப் பற்றவைத்துக் கண்ணாயிரத்திடம் நீட்டி, இன்றைக்கு ஒன்று பிடி, மனசு ஆறும் என்றார். அவன் அந்தக் கையை ஒதுக்கினான்.

"வாணாம். எனக்கு முன்னாடி வுட்டவ அவ. நான் தொட்டா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? நர்சம்மாவ வேணா கேளு."

எல்லோரும் அருணாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க," என்றாள் அருணா. "அக்காதான் மொதல்ல வுட்டாங்க."