திரை கறுத்த இரண்டு நொடி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது. கதை கட்டும் திறமை எனக்குக் கிடையாது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அசோக் நகரில் அப்போதுதான் குடிவந்திருந்தோம். மனைவி நிஷா துணி எடுக்க டி.நகர் போயிருந்தாள். நாலு மாத மகள் என் பொறுப்பு. எனக்குப் பின்னால், கூரைக் கொக்கியில் கட்டிய தூளியில் தூங்கினாள். சளி பிடித்திருந்ததால் ஃபேனை நிறுத்தியிருந்தேன். குழந்தை தூங்கினால் அப்பனுக்கு லீவுதானே? ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ராயப்பேட்டை நண்பன் ஃபராஸோடு ஆன்லைன் கேமில் உட்கார்ந்துவிட்டேன்.

கேம் திக்கித் திக்கி ஓடியது. கம்ப்யூட்டர் திரையின் பட அளவை, அதாவது ரெசல்யூஷனைக் குறைத்தேன். மாற்றும்போது திரை இரண்டு நொடி கறுத்துப் போகும். அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்தது. பின்னால் தூளியும் தெரிந்தது... ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பினேன். தூளி அசையவில்லை.

“மச்சி, அண்ணி பாடிக்கினு கீறாங்க. மைக்க ஆஃப் பண்ணு,” என்றான் ஃபராஸ்.

“அவ வீட்ல இல்லடா.”

“அப்போ யார்ரா பாடறது?”

கலாய்க்கிறான் என்று நினைத்தேன். எனக்கு எந்தப் பாட்டும் கேட்கவில்லை. கேம் இன்னும் திக்கியது. ரெசல்யூஷனை மறுபடி குறைத்தேன்.

கறுப்பு.

தூளியை ஒரு கை ஆட்டிக்கொண்டிருந்தது. வளையல் போட்ட கை.

வெளிச்சம் வந்ததும் திரும்பினேன். யாரும் இல்லை. குழந்தையின் கனத்தில் தூளி அசையாமல் தொங்கியது. எழுந்து அவளைத் தூக்க வேண்டும். ஆனால் கண் மறுபடி திரைக்குத்தான் போனது.

திரையில் ஒரு கேள்வி. புதிய அளவை வைத்துக்கொள்ளவா? பதில் சொல்லாவிட்டால் பழைய அளவுக்குத் தானே திரும்பிவிடும்.

மூன்று... இரண்டு... ஒன்று...

கறுப்பு.

நாற்காலியை ஒட்டி ஒரு பெண். குனிந்த தலை.

அவள் கையில் என் மகள்.

அலறிக்கொண்டு திரும்பினேன். தூளி காலி.

குழந்தை என் காலடியில், தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு துணியில் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்ற எனக்கும் தெரியாது, நிஷாவுக்கும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஜஹனாரா அம்மாவிடம் சொன்னேன்.

“அந்தக் கொக்கியிலயா கட்டினீங்க? முன்னாடி இருந்தவங்க கொழந்த அதுல கட்டின தூளியிலதான் மூச்சு முட்டி செத்துப்போச்சு தம்பி. அம்மாக்காரி கடைக்குப் போயிருந்தா. புருஷன் இதே ரூம்லதான் இருந்தான்... காதுல ஹெட்செட்டு.”

“அந்தம்மா இப்ப எங்க?”

“அதே மாசத்துல அவளும் போய்ட்டா.”

அந்த வாரமே ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வீடு மாறினோம். தூளி கட்டுவதில்லை. நான் ஹெட்செட்டைத் தொடுவதே இல்லை.

மகளுக்கு இப்போது எட்டு மாதம். டிவியை அணைத்ததும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறாள்.