லேபில் ஒட்டிய பதினோரு விதிகள்

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என்பது, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு ஐடியா கொடுக்கும் தொழில்.

சக லேப் கைதிகளே, எனக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது: சங்கம் வைத்தேன் என்று தொழிற்சாலை என்னை வெளியே அனுப்பியது. இரண்டாவது: துண்டறிக்கையை நீளமாக எழுதுகிறேன் என்று சங்கமே என்னை ஒதுக்கியது. மூன்றாவது: சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழகியவன் என்பதால், ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் என்னை லேபில் உட்காரவைத்து, பிள்ளைகளுக்கான விதிமுறைகளையும் எழுதச் சொன்னார்கள். நான்காவது: நான் பதினோரு விதிகளை எழுதி முடித்ததும் தலைமை ஆசிரியை, "ஒரு மீறல் நடந்தாலும் லேபைப் பூட்டிடுவேன்" என்றார். பூட்டினால் பத்தாம் வகுப்பு ப்ராஜெக்ட் அவ்வளவுதான். பாதிப் பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

கையெழுத்து

விதித்தாளைக் கொடுக்கும்போது பத்தாம் வகுப்பில் ஓர் உரை நிகழ்த்தினேன். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நிர்வாகம் நீட்டும் காகிதத்தில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுங்கள் என்றேன். கைதட்டினார்கள். எத்தனையோ வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த கைதட்டல்.

மறுநாள் ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. வகுப்புத் தலைவி நிவேதா மட்டும் வந்தாள். கையில் என் விதித்தாள், அதில் பச்சை மையில் அடிக்கோடுகள். "நாலாவது விதியில கேம் கூடாதுன்னு போட்டிருக்கு. செஸ் கேமா இல்லையான்னு போடலை. திருத்தாம யாரும் சைன் பண்றதா இல்லை. பேச்சுவார்த்தைக்கு எப்ப சார் வர்றீங்க?"

ஒரு தகப்பனின் மனு

கடைசி ஐந்து நிமிடம் செஸ் ஆடலாம் என்று ஒப்பந்தமாகி, தாள்கள் வீடுகளுக்குப் போயின. பெற்றோர் கையெழுத்தும் வேண்டுமே. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கேப் ஓட்டும் ஒரு தகப்பனார் நேரிலேயே வந்துவிட்டார். மகள் தூங்கும்போது வாயைத் திறந்திருந்ததைப் படம் எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். ஒருவர் படத்தை அவர் அனுமதியில்லாமல் போடக் கூடாது என்ற ஏழாவது விதியைக் காட்டி, மகள் இரண்டு நாளாக அவருடன் பேசவில்லையாம்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். "ரூல் எல்லாம் சூப்பர் சார். அப்பாங்களுக்கு மட்டும் சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணுங்க."

உயிருள்ள உதாரணம்

உதாரணம் இல்லாத துண்டறிக்கையை ஜனங்கள் படிக்க மாட்டார்கள். அந்த உதாரணமும் நிஜமாக இருக்க வேண்டும். இது என் கொள்கை. அதனால் 'பாஸ்வேர்டை யாருக்கும் காட்டாதே' என்ற இரண்டாவது விதிக்குப் போஸ்டர் அடித்தபோது, கடினமான பாஸ்வேர்டு எப்படி இருக்கும் என்று காட்ட என்னுடையதையே கொட்டை எழுத்தில் போட்டு லேப் சுவரில் ஒட்டினேன்.

மூன்றாம் நாள், பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஓர் அறிவிப்பு போனது: 'இந்த வாரம் வீட்டுப்பாடம் கிடையாது.' தலைமை ஆசிரியை இரண்டு டீச்சர்களோடும் ஒரு பூட்டோடும் வந்தார்.

"யார் செஞ்சது? சொல்லலைன்னா இப்பவே பூட்டு."

முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிவேதா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாஸ்வேர்டு ரொம்பக் கஷ்டம் சார். போஸ்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிச்சோம்."

தலைமை ஆசிரியை பூட்டை எடுத்தார். நான் பதினோராவது விதியைக் காட்டினேன்: மீறியவரின் பெயரைச் சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும், தண்டனை அவருக்கு மட்டுமே. அறிவிப்பை அனுப்பியவர் என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது ஒரே பெயர். இரண்டாவது விதியை மீறியதும் அதே ஆள். தலைமை ஆசிரியை அந்த விதியை விரல் வைத்துப் படித்தார். பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்ப நீங்களே வாசிங்க சார்."

முதலாளிகளின் மீறல்களைத் தெருத்தெருவாக மைக்கில் வாசித்தே தொண்டை கட்டிப்போன நான், அன்று இரண்டு டீச்சர்கள் சாட்சியாக நிற்க, மைக் இல்லாமல் கணீரென்று வாசித்த பெயர்: ஆ. செல்வநாயகம், லேப் பொறுப்பாளர்.