வண்டிக்கு வந்த நரை

எங்கள் சிவப்புக் காரின் முன் பம்பரை ‘வண்டியோட மீசை’ என்பார் அப்பா. தன் மீசைக்குச் செய்வதுபோலவே அந்தப் பிளாஸ்டிக்குக்கும் ஞாயிறுதோறும் எதையோ தடவிக் கறுப்பாக வைத்திருந்தார். பிறகு ஒருநாள், “அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்” என்று காரை விட்டுவிட்டு பஸ்ஸில் மலையிறங்கிப் போனார். எட்டு மாதமாயிற்று. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். மாதத்துக்கு இரண்டு ஏறினாலும் பதினாறாவதில் இருப்பார் என்று, கணக்கில் புலியான நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற காருக்கு வெயிலில் மீசை வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் அதற்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். கார் ஒன்றுக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை அம்மா சொன்னாள்: “நாளைக்கு வண்டிய எடுக்க வர்றாங்க கண்ணு. நல்லாத் தொடச்சு வையி.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்தாலும் ஊரே வந்தாலும் ‘வர்றாங்க’தான். அப்பாவையும் அம்மா அப்படித்தான் சொல்வாள். யார் என்று நான் கேட்கவில்லை. வேறு யாருக்காகவும் நான் காத்திருக்கவில்லை.

நரைத்த மீசையைப் பார்த்தால் அப்பா வந்த கையோடு மறுபடி பஸ் ஏறிவிடுவார். அடுப்போரம் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, பாட்டில் காலியாகும்வரை தடவினேன். பம்பர் கன்னங்கரேலென்று மின்னியது. மறுபடி வெளுக்காமலிருக்கச் சாக்கைப் போட்டு மூடினேன்.

மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், அதனால்தான் பாட்டில் அடுப்போரம் இருக்கிறது என்ற ஞானம் காலையில் சாக்கை எடுத்தபோது வந்தது. வெள்ளை வெளேரென்று உறைந்து, சாக்கு நார் ஒட்டி, தொண்ணூறு வயதுக் கிழவரின் மீசையாக இருந்தது பம்பர்.

துடைப்பதற்குள் வந்துவிட்டார்கள். மப்ளர் சுற்றிய யாரோ ஒருவர். குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, வண்டிக்கு நொம்ப வயசாயிருச்சுங்களா?”

“எண்ணெயிங்க. பாப்பா தடவியிருக்குது. வெயில் வந்தா கறுத்துருமுங்க” என்றாள் அம்மா.

வந்தது, கறுத்தது. அவர் சாவியை வாங்கிக்கொண்டு காரை ஓட்டிப் போய்விட்டார்.

“அப்பா வந்தா எதுல போறது?” என்று கேட்டேன்.

அம்மா என்னை முன்னால் உட்காரவைத்து, என் கைகளில் மிச்சமிருந்த எண்ணெயை வழித்து என் தலையிலேயே தேய்த்து, பின்ன ஆரம்பித்தாள். வலிக்க வலிக்கப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடியும் பின்னினாள். பாட்டிலைக் காலி செய்ததற்குத் தண்டனை என்றே நினைத்தேன். பின்னல் போடுகிறவர்களின் முகம் நமக்குத் தெரியாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.