பால்சங்கு

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குழந்தை செத்தது.

எட்டு வருஷமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. அதனால்தான் சொல்ல வாய் வருகிறது. இரக்கப்பட்டு விடாதீர்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் நான் வாத்தியார். ஞானம் என் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லை. ஏழாம் வருஷம் அவளுக்குச் சயரோகம் வந்தது. அதற்கு மருந்தென்று அப்போது ஒன்றும் கிடையாது. கடல் காற்று நல்லது என்றார்கள். கோடை லீவுக்குத் தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கமாக ஓர் அறை பிடித்து, ஒரு மாதம் தங்கினோம்.

அவளுக்கென்று தனியாக ஒரு பித்தளைத் தம்ளர். மற்றதோடு கலந்துவிடாமலிருக்க, அதன் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தேன். "என்னையும் என் தம்ளரையும் ஒதுக்கி வச்சாச்சு" என்று சிரிப்பாள்.

லீவு முடிய மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் தங்கை கிருபையிடமிருந்து கடிதம் வந்தது. கிருபை ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. அடுத்த ஞாயிறு அதற்கு ஞானஸ்நானம்.

"அக்காவுக்குச் சுகமாகிவிட்டால் அவளே ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்த வேண்டும். டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள் அத்தான். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்."

பார்த்தீர்களா? அவள் கேட்டாள். கேட்டுத்தான் செய்தாள்!

அன்றே டாக்டரிடம் போனோம். ஞானத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மெல்லப் பேசினார்.

"முகத்துலதான் சதை போட்டிருக்கு வாத்தியாரே. உள்ள ரெண்டு பக்கமும் போயிட்டுது. பாத்திரம் தனியாவே இருக்கட்டும். முக்கியமா, சின்னப் பிள்ளைகளைத் தூக்க விடாதீங்க. நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லுதீங்களா?"

"நானே சொல்லுதேன்" என்றேன்.

வெளியே பெஞ்சில் கிருபையின் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க சொன்னாவ?"

"குணமாயிட்டுதாம்."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை... இரக்கம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. அழுகிற முகத்தோடு மூன்று நாளைக் கழிக்க எனக்குத் தெம்பில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த மூன்று நாள் எனக்கு வேண்டியிருந்தது!

கார்டு எழுதச் சொன்னாள். எழுதினேன். "டாக்டர் பூரண குணமென்று சொல்லிவிட்டார்." அவளே தபால்பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் துறைமுகப் பாலத்தின் முனைவரை நடந்தோம். பையிலிருந்து அந்தத் தம்ளரை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் கடலில் வீசிவிட்டாள். "போ சனியனே!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அந்த இரவு என் தம்ளரில் தண்ணீர் குடித்தாள். அவள் குடித்த மிச்சத்தை நானும் குடித்தேன்.

சனிக்கிழமை சங்குக் கிடங்குக்குப் போய், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளைச் சங்கு வாங்கினாள். குழந்தைக்குப் பால் புகட்ட. கடையில் விற்கும் பித்தளைச் சங்கு ஆகாதாம். கடலில் விளைந்ததுதான் வேண்டுமாம். விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். ஞாயிறன்று ஆராதனையில் அவள் பாடியதைக் கேட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதாம்... இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனால் உண்மை.

திங்கட்கிழமை ரயிலில் சொல்லலாமென்றிருந்தேன். மணியாச்சியில் வண்டி மாறக் காத்திருந்தபோது அவள் குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டில் எத்தனை வேளை! சொல்லவில்லை. ராஜபாளையம் கோவிலில் குழந்தையை ஏந்தி, "எஸ்தர்" என்று பெயர் சொல்லி, அதன் நெற்றியிலும் வாயிலும் முத்தமிட்டாள். நான் பின்னால் நின்றேன்.

கிருபைக்குப் பால் போதவில்லை. ஞானம் ஒரு மாதம் அங்கேயே தங்கிப் பசும்பால் புகட்டினாள். சூடு பார்க்க ஒவ்வொரு முறையும் சங்கைத் தன் உதட்டில் வைப்பாள். அப்புறம் குழந்தையின் உதட்டில்...

ஒருநாள் பார்க்கப் போனவன் பொறுக்க முடியாமல், "செத்த நேரம் பிள்ளையைக் கீழ விடேன் ஞானம்" என்றேன்.

"என்னங்க உங்களுக்கு! எனக்குத்தான் சொகமாயிட்டுதே. எம்புட்டு நாள் ஏங்கியிருப்பேன்!"

அடுத்த வண்டியிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

ஐப்பசி மழையில் எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்து விறைத்தது. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்குள் ஞானமும் இரத்தமாய்த் துப்ப ஆரம்பித்திருந்தாள். படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு டாக்டர் நெசமாவே குணம்னுதான் சொன்னாவளா?"

ஒரு சொல் போதும். உண்மையைச் சொன்னால், எஸ்தர் செத்தது என் பொய்யால் என்று தெரிந்து சாவாள். நான் அதற்கும் பயந்தேன்.

"ஆமா ஞானம். அப்படித்தான் சொன்னாரு."

"பாவம், அவியளும் மனுசர்தான" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவளையும் கல்லறையில் கொண்டுபோய் வைத்தோம். ஊரெல்லாம் அந்த டாக்டரைத்தான் ஏசியது. கிருபை சபித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சங்கைக் கிருபை என்னிடம் தந்துவிட்டாள். எத்தனையோ தடவை கொதிநீரில் போட்டிருக்கிறேன். அதைக் காதில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. தண்ணீர் குடிக்கத் தம்ளரைத் தூக்கினால் இப்போதும் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு ஓர் இருமல்கூட வந்ததில்லை. ஏன்? அவள் மிச்சத்தைக் குடித்தவன்தானே நான்!

இன்று கிருபை வந்திருந்தாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு மறுபடியும் ஒரு பெண். துணியில் சுற்றிய அந்தப் பிஞ்சை என் மடியில் வைத்தாள்.

"அக்கா வாங்கின சங்கு உங்கட்டதான இருக்கு அத்தான்? இவளுக்கும் அதுலதான் குடுக்கணும்."

"அது ஒடைஞ்சு போச்சு கிருபை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போட்டும். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ஞானம்னே பேரு வைக்கப் போறோம். நீங்கதான் ஞானத்தகப்பனா நின்னு ஏந்தணும். அக்காவை அப்படிப் பாத்துக்கிட்ட கையி..."

சரி என்று சொல்லிவிட்டேன்.

சங்கு டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, முழுசாக. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.