பெண் வீட்டுப் பக்கம்

எண்பதுகளில் மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான், ஞாயிறுதோறும் பம்பாயின் பழைய தேவாலயங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். கும்பிடுவதற்கல்ல, கட்டடங்கள்மேல் அப்படியொரு மோகம்.

அன்று மாஹிமில் ஒரு சர்ச். வண்ணக் கண்ணாடிகள் வழியே இறங்கிய வெயில் தரையில் நீலமும் சிவப்புமாய் மிதந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தபடி கனவில்போல நடந்த என்னை ஒரு குரல் நிறுத்தியது. வெள்ளைப் புடவையில் மணப்பெண்.

"அண்ணாச்சி, தமிழாளா? நான் தாராவி. எங்க வீட்டுல ஒருத்தரும் வரல. பொண்ணு வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் உக்காருவியளா?"

"சும்மா பார்க்க வந்தேம்மா. டிரெயினுக்கு நேரமாயிடுத்து" என்றேன். பொய். யார் வீட்டுச் சண்டையிலோ மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.

வாசலை எட்டும்போது பாட்டு தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கம் நிறைய ஆட்கள். அவள் பக்கம் வெறும் பெஞ்சுகள். அவற்றைப் பார்க்காமல் அவள் தனியே நடந்துகொண்டிருந்தாள்.

என்னால் வெளியே போக முடியவில்லை. அவள் பக்கத்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மோதிரம் மாற்றும் முன் ஒருமுறை திரும்பியவள், என்னைக் கண்டதும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வாசலிலிருந்து உள்ளே திரும்பி நடந்ததை நினைத்தால் மனம் ஆறுகிறது.