முப்பத்தொன்றாம் எண் மண்

அறுபத்தொன்று. சாஜிதா பேகம் கெட்டிலைச் சாய்த்துத் தொட்டியின் ஓரமாக வெந்நீர் ஊற்றினாள். வெப்பமானியைப் பார்த்தாள். அறுபத்து நான்கு. இன்னும் கொஞ்சம். அறுபத்தைந்து.

மின்சாரம் போய் எட்டு நிமிடம் ஆகியிருந்தது. தொட்டிக்குள் மூடிய டப்பா. டப்பாவுக்குள் உப்புக் கரைசலில் உள்ளங்கை அளவு வெள்ளைச் சவ்வு. சவ்வில் பாக்டீரியாவின் டி.என்.ஏ. படிந்திருந்தது. சூடு குறைந்தால் ஒட்டக்கூடாதது ஒட்டிக்கொண்டே இருக்கும். கூடினால் ஒட்டவேண்டியதும் கழன்றுவிடும். இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

அட்டெண்டர் தம்பிதுரை கேஸ் பர்னரில் அடுத்த பீக்கரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எல்லாம் தன்னால் வந்தது என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஓரளவு உண்மைதான்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் அவர் வழக்கம்போல ஆய்வகக் கருவிகளை எல்லாம் நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து ஓய்வு கொடுத்தார். பாக்டீரியாக்களை இளஞ்சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டருக்கும் கொடுத்தார். அரையாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்காக சாஜிதா தன் நாற்பத்தேழு பாக்டீரியாக் குழாய்களையும் தட்டுகளையும் அதற்குள்தான் வைத்திருந்தாள். விடுமுறை முடிந்து திறந்தபோது முப்பத்தொன்றாம் எண் தட்டில் ஒரு சிவப்பு வளையம். கூட வளர்த்த பூஞ்சை அதன் அருகே வரவில்லை. ஆறு வருடமாக அந்த பாக்டீரியா மஞ்சளாக ஒரு பொருளை மட்டும்தான் செய்து வந்தது.

பேராசிரியர் லட்சுமணசாமி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குங்குமம் கொட்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் இன்குபேட்டரை நிறுத்திவைத்து, அந்தக் குளிர்ச்சியில் மறுபடி வளர்த்தாள். மறுபடி சிவப்பு. இம்முறை அவர் சிரிக்கவில்லை. துணியிலிருந்து வேறு கிருமி கலந்திருக்கிறது, ஒன்றில் கலந்தது மற்றதில் கலக்காமலா இருக்கும் என்றார். நாற்பத்தேழையும் ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டச் சொன்னார்.

சாஜிதாவுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா சிக்கந்தர் உக்கடத்தில் லாரி சீட்டுக்கு உறை தைத்தவர். தாவரவியல் படித்துவிட்டுத் தற்காலிக டெக்னீஷியனாகச் சேர்ந்தவள், பதினோராவது வருடமும் தற்காலிகமாகவே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, காலி பிலிம்ரோல் டப்பாக்களில் மண் எடுத்து வருவாள். ஒவ்வொரு மண்ணிலிருந்தும் ஒரு பாக்டீரியா. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த நஞ்சுண்டன் முதல் தடவை அவளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, எந்தூட்டு மண்ணு ருசியா இருக்குது?" என்று கேட்டார். இரண்டாம் தடவை அவரே கடப்பாரை கொண்டுவந்தார். அந்தத் தோப்பு மண்தான் முப்பத்தொன்று.

கொட்டுவதைத் தள்ளிப்போட வைத்தவள் ஆராய்ச்சி மாணவி நித்யஸ்ரீ. பிரௌசிங் சென்டரிலிருந்து ஒரு கட்டு அச்சுத்தாள் கொண்டுவந்தாள். இதே இனத்து பாக்டீரியா ஒன்றின் மரபணுக்களை வெளிநாட்டில் வரிசையாகப் படித்து, படித்தவரை கணினியில் போட்டிருந்தார்கள். அது செய்வதாகத் தெரிந்த பொருள்களைவிட, பொருள் செய்யும் மரபணுக் கூட்டங்கள் அதில் அதிகம் இருந்தன. தட்டில் காட்டுவதைவிட அதற்கு அதிகம் தெரியும். முப்பத்தொன்றிலும் அப்படி இருந்தால்?

பூஜைக்கு முந்திய உயிருள்ள குழாய் எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஏப்ரலில் முப்பத்தொன்றிலிருந்து பிரித்த டி.என்.ஏ. நித்யஸ்ரீயிடம் ஆல்கஹாலில் இருந்தது. அதை வளர்க்க முடியாது, அதற்குள் தேட முடியும். பெங்களூரிலிருந்து, பொருள் செய்யும் மரபணு ஒன்றின் துண்டை வாங்கினார்கள். சவ்வில் படியவைத்த டி.என்.ஏ.வில் தன் வகையைக் கண்டால் அது ஒட்டி, ஊதாக் கோடாகத் தெரியும். இருந்த டி.என்.ஏ. ஒருமுறைக்குத்தான் போதும். ஒரு கோடு வந்தால் அது மஞ்சளுக்கு உரியது, சிவப்பு வெளியே இருந்து வந்தது. இரண்டு வந்தால் சிவப்புக்கான வழியும் ஏப்ரலிலேயே அதற்குள் இருந்திருக்கிறது. பேராசிரியர் ஒத்துக்கொண்டார். வியாழன் மாலைவரை நேரம் கொடுத்தார்.

இன்று வியாழன்.

பன்னிரண்டு நிமிடமும் வெப்பமானி அறுபத்து நான்குக்குக் கீழே போகவில்லை. பிறகு சவ்வை நிறக் கரைசலில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். வெளிச்சம் படக்கூடாது. மின்சாரம் வந்தது. நான்கு மணிக்கு வந்த பேராசிரியர் தம்பிதுரையிடம் ஆட்டோகிளேவைப் போடச் சொன்னார். குழாய்கள் கம்பிக் கூடையில் தயாராக இருந்தன.

கால்மணி நேரத்தில் திறந்து பார்த்தார்கள். சவ்வில் முப்பத்தொன்றின் டி.என்.ஏ. படிந்த தடத்தில் ஒரு கோடு. தடித்த ஊதா.

"ஒண்ணுதான்," என்றார் பேராசிரியர்.

"இன்னும் நேரம் இருக்குங்க சார்."

இழுப்பறையை மூடினாள். ஆட்டோகிளேவ் சூடேறும் சத்தம் கேட்டது. தம்பிதுரை கூடையைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றார். ஐந்து ஆனது. திறந்தாள். முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே, இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. மூடினாள். ஐந்தேகாலுக்குத் திறந்தபோது அது கோடாக இருந்தது.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"கரண்ட் போயிருச்சில்ல. சூடு எறங்கியிருக்கும். கண்டதெல்லாம் ஒட்டியிருக்கும்."

"அப்படின்னா ஓரத்துத் தடத்துலயும் ஒட்டியிருக்கோணுமுங்க சார்."

ஓரத்தில் வேறொரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. வைத்திருந்தாள். இந்த வகை மரபணுவே இல்லாத குடல் பாக்டீரியா. இடத்தை வீணாக்குகிறாய் என்று அவர் சொன்னதை மீறி வைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அந்தத் தடம் வெறுமையாக இருந்தது.

நிமிர்ந்தவர் அவளைப் பார்க்கவில்லை.

"தம்பிதுரை, அதை அணைச்சுப்போடு."

மறுநாள் காலை முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு இருந்தது. சாஜிதா அறுபது கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவி வைத்தாள். பேராசிரியர் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நித்யஸ்ரீ சவ்வை உலர்த்தி நோட்டில் ஒட்டி, தேதி எழுதினாள். பிற்பகல் சாஜிதா குழாய்களைத் திரும்ப ரேக்கில் அடுக்கினாள். இரண்டின் லேபிள் நனைந்திருந்தது, புதிதாக எழுதி ஒட்டினாள். ஐந்தரைக்கு அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு உக்கடம் பஸ் ஏறினாள்.